புக்கிட் மேரா ஏரியில் தோமான், ஹாருவான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கிறது புக்கிட் மேரா ஏரி. அதைச் சுற்றியுள்ள பாகான் செராய், செமாங்கோல், செலாமா பக்கத்துத் தோட்டங்களில் இப்போது கெவாங் வீசாத இளைஞர்கள் குறைவு. மீன் பிடிக்கக் கடையில் விற்கிற செயற்கை இரையை இங்கே எல்லோரும் கெவாங் என்றுதான் சொல்கிறோம். சாயா கடையிலும் வாட்ஸ்அப்பிலும் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது, "எந்த கெவாங் வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்பது, "எந்தப் புல்லில் போடப் போகிறாய்?" இந்த ஏரியில் புல்லைப் பார்க்கத் தெரிந்தால் கெவாங்கைத் தேர்ந்தெடுப்பது பெரிய வேலையே இல்லை. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே கீழே கொடுத்திருக்கிறேன்.

அண்ணே, யூடியூப்ல வெள்ளக்காரன் பிடிக்கிறானே பாஸ் மீனு, அது நம்ம ஏரியில இருக்கா?

இல்லை. அவர்கள் பிடிப்பது லார்ஜ்மவுத் பாஸ், வட அமெரிக்க மீன். நம் ஏரியில் அந்த இடத்தில் இருப்பவை தோமானும் ஹாருவானும். ஹாருவான் என்பது ஊரில் விரால் என்கிறோமே, அதுதான். தோமான் அதே குடும்பத்துப் பெரிய அண்ணன். ஒரு மீட்டருக்கு மேல் நீளும், இருபது கிலோ வரைகூடப் போகும். பாஸைப் போலவே இவையும் புல்லுக்குள் ஒளிந்திருந்து பாய்ந்து அடிக்கிற மீன்கள். அதனால் பாஸுக்காகச் செய்த ரப்பர் தவளை, ஸ்பின்னர்பெய்ட் (சுழலும் தகடு வைத்தது), சாஃப்ட் பிளாஸ்டிக் (மெத்தென்ற ரப்பர் இரை) எல்லாம் இங்கேயும் வேலை செய்யும்.

அங்கிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாதது அவர்களுடைய பருவக் கணக்கு. குளிர்காலத்தில் பாஸ் மந்தமாகிவிடும், வசந்தத்தில் தண்ணீர் 15 டிகிரியைத் தாண்டிச் சூடேறும்போது கரைக்கு வந்து முட்டையிடும் என்று அந்த வீடியோக்களில் சொல்வார்கள். நம் ஏரித் தண்ணீர் வருடம் முழுக்க 28 முதல் 31 டிகிரிக்குள்தான் இருக்கிறது. இங்கே மீனை நகர்த்துவது மழையும் தண்ணீர் மட்டமும். அணையின் கதவு எப்போது திறக்கிறது என்பது நமக்கு நாட்காட்டியைவிட முக்கியம்.

இந்த ஏரியில மட்டும் ஏன் இவ்ளோ புல்லு?

இது இயற்கை ஏரி இல்லை. கிரியான் வட்டாரத்து நெல் வயல்களுக்காக சுங்கை குராவ் ஆற்றை மறித்து 1906இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம். இருபதாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட வயல் இன்றைக்கும் இதை நம்பித்தான் இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேலாக ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல் அடியில் படிந்து கிடக்கிறது. ஆழமும் அதிகம் இல்லை. வெயில் அடிவரை இறங்குகிறது, வண்டல் உரமாக இருக்கிறது, புல் வளர வேறு என்ன வேண்டும்?

புல்லை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலாவது மிதக்கிறது: கியாம்பாங், ஆகாயத்தாமரை. காற்று தள்ளினால் இடம் மாறும், அதனால் நேற்று போன வழி இன்று அடைத்திருக்கும். இரண்டாவது தண்ணீருக்குள் மூழ்கியிருப்பது. இதில் முக்கியமானது கபோம்பா, மலாய்க்காரர்கள் எக்கோர் குச்சிங் என்பார்கள். நுனி மட்டும் மேலே வந்து ஊதா கலந்த இளஞ்சிவப்பில் சின்னச் சின்னப் பூவாகப் பூத்திருக்கும். தென் அமெரிக்கச் செடி, மீன் தொட்டிக்காக வந்தது, இப்போது ஏரியைப் பிடித்துவிட்டது. மூன்றாவது வேரூன்றி நிமிர்ந்து நிற்பது: ராசாவ் (தாழை இனம்), நாணல், தாமரை. இந்த மூன்றையும் பார்த்தவுடன் பிரிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மொத மொதல்ல வாங்குறேன். ஒரே ஒரு கெவாங்னா எது வாங்கலாம்?

உள்ளே வெறுமையான ரப்பர் தவளை. அதன் இரண்டு தூண்டில் முள்ளும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் புல் மேல் இழுத்தாலும் சிக்காது. மீன் கடித்து உடலை அமுக்கும்போதுதான் முள் வெளியே வரும்.

கடையில் வாங்கும் முன் தவளையைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக அமுக்கிப் பாருங்கள். லேசாக அமுக்கியதும் இரண்டு முள் நுனியும் தெளிவாகத் தலை காட்ட வேண்டும். கெட்டி ரப்பராக இருந்து முள் வெளியே வரவே பலமாக அமுக்க வேண்டியிருந்தால் அதை வைத்துவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. பின்னால் தொங்கும் ரப்பர் இழைகள் ரொம்ப நீளமாக இருந்தால் கத்தரியால் கொஞ்சம் குறைத்துவிடலாம். சின்ன ஹாருவான்கள் இழையை மட்டும் பிடித்து இழுத்துவிட்டுப் போவது குறையும். தவளைக்குள் தண்ணீர் ஏறும், பத்து வீச்சுக்கு ஒருமுறை வயிற்றைப் பிதுக்கி வெளியேற்றுங்கள்.

ராட், ரீல், நூல் எல்லாம் என்ன போடணும்?

ஆறரை அடி முதல் ஏழடி வரையிலான, நடுத்தரத்துக்கு மேல் விறைப்பான ராட் (தூண்டில் கம்பு). ரீல் எது பழக்கமோ அது. நூல் மட்டும் பின்னிய நூலாக, 40 அல்லது 50 பவுண்டு இழுவை தாங்குவதாக இருக்கட்டும். மெல்லிய நைலான் நூல் இழுத்தால் நீளும், புல்லில் மாட்டிய மீனைக் கிளப்பாது. முன்பக்கம் ஒரு முழம் நீளத்துக்குத் தடித்த லீடர் (முனை நூல்), 50 பவுண்டுக்குக் குறையாமல். தோமானுக்குப் பல் உண்டு. ஒவ்வொரு மீனுக்கும் பிறகு லீடரை விரலால் உருவிப் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

புல்லுக்கு ஏத்த மாதிரி கெவாங் மாத்தணும்னு சொல்றீங்களே, அது எப்படி?

மேலே சொன்ன மூன்று வகையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மிதக்கிற கியாம்பாங், ஆகாயத்தாமரைப் பரப்பில் தவளைதான். பரப்பின் நடுவில் வீசிவிட்டு இழுத்துக்கொண்டே வராதீர்கள். அதில் ஆங்காங்கே தட்டளவு ஓட்டைகள் இருக்கும். தவளை புல்லைத் தாண்டி ஓட்டையில் விழுகிற இடத்தில் நிறுத்துங்கள். தண்ணீரில் கிளம்பிய வளையம் அடங்கும்வரை அசைக்க வேண்டாம். அப்புறம் ஒரு சின்னச் சுண்டு, மறுபடி நிறுத்தம். பெரும்பாலான அடி அந்த நிறுத்தத்தில்தான் வரும்.

மூழ்கிய கபோம்பாவில் கதை வேறு. புல் நுனிக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் நடுவில் ஒரு அடியாவது இடைவெளி இருந்தால் பஸ்பெய்ட் (விசிறி சுழன்று சத்தம் போடுவது) அல்லது புல் சிக்காத ஸ்பூனை (கரண்டி வடிவத் தகடு) அந்த இடைவெளியில் ஓட்டலாம். இடைவெளியே இல்லை, நுனி மேலே முட்டுகிறது என்றால் திரும்பத் தவளைக்கு வாருங்கள். அல்லது முள்ளை ரப்பருக்குள் புதைத்துக் கட்டிய சாஃப்ட் பிளாஸ்டிக்கை, எடை இல்லாமல், புல் மேல் தவழவிட்டு ஓட்டையில் இறக்குங்கள். மூன்று பக்கமும் முள் உள்ள, சின்ன மீன் வடிவ மின்னோவையும் கிராங்க்பெய்ட்டையும் இங்கே வீசினால் ஒவ்வொரு முறையும் ஒரு கட்டுக் கீரை வரும், மீன் வராது.

நிமிர்ந்து நிற்கும் ராசாவ், தாமரை ஓரங்களில் ஸ்பின்னர்பெய்ட் நல்லது. ஓரத்துக்கு இணையாக வீசி, புல்லை உரசியபடி இழுங்கள். ஓரம் நேராகப் போகிற இடத்தைவிட, உள்ளே வளைகிற மூலையிலும் வெளியே துருத்துகிற முனையிலும் அதிகம் வீசுங்கள். இரண்டு வகைப் புல் சந்திக்கிற இடம் இருந்தால் அதை விடவே விடாதீர்கள். தாமரை முடிந்து கபோம்பா தொடங்குகிற எல்லையில் சின்ன மீன்கள் கூடும், அவற்றைத் தின்ன வருவதுதான் நமக்கு வேண்டியது.

தோமான் மேல வந்து 'பொளக்'குனு மூச்சு விட்டுட்டுப் போகுது. அது மேலயே போட்டாலும் ஏன் கடிக்க மாட்டேங்குது?

தோமானும் ஹாருவானும் செவுளால் மட்டும் மூச்சு விடுகிற மீன்கள் இல்லை. தலைக்குள் காற்றைப் பிடித்துவைக்கிற அறை இருக்கிறது. மேலே வந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டும். நீங்கள் பார்த்தது இரை தேடி வந்த மீன் இல்லை, மூச்சு வாங்க வந்த மீன். அந்த நேரத்தில் தலை மேல் ஒரு கெவாங் விழுந்தால் மிரண்டு ஓடிவிடும்.

அது மூழ்கும்போது வால் எந்தப் பக்கம் வெட்டியது, குமிழி எந்தத் திசையில் வரிசையாகக் கிளம்புகிறது என்று பாருங்கள். தலை போகிற திசையில் இரண்டு மூன்று மீட்டர் முன்னால், கொஞ்சம் தாண்டி வீசுங்கள். மீன் கீழே போகிறது, ஆகவே கெவாங்கும் கீழே இறங்க வேண்டும். திறந்த தண்ணீராக இருந்தால் ஸ்பூன், புல்லாக இருந்தால் கொஞ்சம் எடை வைத்த சாஃப்ட் பிளாஸ்டிக். இறங்கும்போதே நூலைக் கவனியுங்கள். நூல் திடீரென்று பக்கவாட்டில் நகர்ந்தாலோ தளர்ந்தாலோ மீன் வாயில் வாங்கிவிட்டது என்று அர்த்தம்.

தவளைய நல்லா அடிக்குது, ஆனா மாட்ட மாட்டேங்குது. முள்ளு சரியில்லையா?

பெரும்பாலும் கைதான் அவசரப்படுகிறது. சத்தம் கேட்டவுடன் இழுத்தால் தவளை வாயிலிருந்து பறந்து வந்துவிடும். தண்ணீர் வெடித்தாலும் ராட்டைத் தாழ்த்தி, தளர்ந்த நூலைச் சுற்றி எடுங்கள். மீனின் எடை கையில் தெரிந்த பிறகு பலமாக இழுங்கள். ஒன்றிரண்டு விநாடிதான், ஆனால் அந்த இரண்டு விநாடி பழகுவதற்கு ஒரு சீசன் ஆகும்.

மாட்டிய பிறகு தலையை மேலே கொண்டுவந்து புல் பரப்பின் மேலேயே வழுக்கி வர வையுங்கள். புல்லுக்குள் புதைந்துவிட்டால் ராட்டை ஆட்டிப் பிடுங்காதீர்கள். நூலை இறுக்கமாக வைத்தபடி படகை அங்கே கொண்டுபோய்க் கையால் புல்லை விலக்கி எடுங்கள். அப்படியும் மாட்டாமல் போகிறது என்றால் இரண்டு முள்ளையும் குறட்டால் சற்றே மேல்நோக்கி, மிகக் கொஞ்சமாக, வளைத்துப் பாருங்கள்.

எத்தன மணிக்குப் போனா நல்லது?

இங்கே விடிவதே ஏழு, ஏழேகாலுக்குத்தான். பெரட்டுக்கு (தோட்டத்துக் காலை ஆள் கணக்குக்கு) போகிற நேரத்தில் எழுந்தால் முதல் வெளிச்சத்துக்கு ஏரியில் இருக்கலாம். அங்கிருந்து ஒன்பதரை வரை, பிறகு மாலை ஐந்தரையிலிருந்து இருட்டும்வரை, மேல்மட்டக் கெவாங்குக்கு நல்ல நேரம்.

புல் அடர்ந்த ஏரியில் இன்னொரு கணக்கும் உண்டு. செடிகள் பகலில் பிராணவாயுவை வெளிவிடும், இரவில் அவையே அதை இழுத்துக்கொள்ளும். அதனால் விடியற்காலையில் அடர்ந்த புல்லுக்குள் பிராணவாயு மிகக் குறைவு. காற்றைக் குடிக்கிற தோமானுக்கும் ஹாருவானுக்கும் அது பிரச்சினை இல்லை, உள்ளேயே இருக்கும். செபாராவ் போன்ற மீன்கள் அதைத் தாங்காமல் திறந்த தண்ணீருக்கும் ஆறு வந்து சேர்கிற வாய்க்கும் நகர்ந்துவிடும். ஆகவே காலையில் ஹாருவான் வேண்டுமென்றால் புல்லுக்குள், செபாராவ் வேண்டுமென்றால் ஓட்டமுள்ள இடத்தில். நடுப்பகலில் அடர்ந்த நிழலில் ஓட்டை ஓட்டையாகத் தேடினால் பெரிய மீன் கிடைக்கவே செய்யும். ஆனால் வெயில் தாங்க வேண்டும், தண்ணீர் இரண்டு பாட்டிலாவது வேண்டும்.

குவாலா குராவ்ல பாசாங் சுருட் பாத்துத்தான் போவோம். இங்கயும் பாக்கணுமா?

வேண்டாம். அது கடல் வற்றுப் பெருக்கு, அணைக்கு மேலே உள்ள ஏரிக்கு வராது. இங்கே பார்க்க வேண்டியது வயலுக்குத் தண்ணீர் விடுகிறார்களா, மலைப் பக்கம் மழை பெய்ததா என்பதைத்தான்.

மழ பெஞ்ச மறுநாள் போலாமா? தண்ணி தேத் தண்ணி மாதிரி இருக்குமே?

போகலாம், இடத்தை மாற்றினால் போதும். மட்டம் ஏறும்போது ஹாருவான் புதிதாக நனைந்த கரைப் புல்லுக்குள் ஏறிவிடும். நேற்றுவரை காய்ந்து கிடந்த இடத்தில் புழுவும் பூச்சியும் தவளையும் மிதக்கின்றன, அதைத் தின்னத்தான். கணுக்கால் அளவுத் தண்ணீரில்கூட இருக்கும். மட்டம் இறங்கும்போது எல்லாம் தலைகீழ். வெளிப்புல் ஓரத்துக்கும், வாய்க்கால் வாய்க்கும், பழைய ஆற்றுத் தடத்துக்கும் மீன் பின்வாங்கும். இறங்குகிற தண்ணீரில் கரைப் புல்லை அடித்துக்கொண்டிருப்பது வீண் வேலை.

கலங்கிய தண்ணீரில் மீன் கண்ணைவிட உடல் ஓரத்து உணர்வுக் கோட்டைத்தான் நம்புகிறது, அதிர்வு அதில்தான் தெரியும். பஸ்பெய்ட், அகலத் தகடு உள்ள ஸ்பின்னர்பெய்ட், முன்னால் விசிறி வைத்த ஜம்ப் ஃப்ராக் மாதிரி சத்தம் போடுகிறவற்றை எடுங்கள். ஒரே வேகத்தில், மெதுவாக. மீன் சத்தத்தைத் துரத்தி வந்து பிடிக்க நேரம் கொடுங்கள்.

ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடியை அலட்சியப்படுத்தாதீர்கள். கார்பன் ராட் மின்சாரத்தைக் கடத்தும். திறந்த ஏரியில் உயரமாக நிற்பது நீங்களும் உங்கள் ராட்டும்தான். முதல் இடிச் சத்தத்திலேயே ராட்டைப் படுக்க வைத்துவிட்டுக் கரைக்கு வந்துவிடுங்கள்.

கலர் முக்கியமாண்ணே? கடையில நூறு கலர் இருக்கு.

இரண்டு போதும். தெளிந்த தண்ணீருக்குப் பச்சை அல்லது பழுப்பு. கலங்கலுக்கும் மங்கிய வெளிச்சத்துக்கும் கறுப்பு. தவளையின் வயிற்றைத்தான் மீன் கீழிருந்து பார்க்கிறது, முதுகில் வரைந்த படமெல்லாம் வாங்குகிறவருக்காக. உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகிறதென்றால் முதுகில் ஒரு பொட்டு மஞ்சள் பூசிக்கொள்ளுங்கள்.

படகு இல்ல. கரையில இருந்து முடியுமா?

முடியும். ஹாருவானுக்குக் கரையே போதும், முக்கியமாகத் தண்ணீர் ஏறும் நாட்களில். தாலி ஆயர் என்கிற வயல் பாசன வாய்க்கால்களிலும் நல்ல ஹாருவான் உண்டு, மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நடந்தபடியே வீசலாம். புல் ஓரம் நடக்கும்போது காலடி அதிரக் கூடாது, தண்ணீரிலிருந்து இரண்டடி தள்ளி நின்று முதல் வீச்சைக் கரையோரத்திலேயே போடுங்கள். பெரும்பாலானோர் காலடியில் இருக்கிற மீனை விரட்டிவிட்டுத் தூரத்தில் வீசுகிறார்கள்.

இரண்டு இடத்துக்குப் போக வேண்டாம். ஒன்று, அணைக் கதவுப் பக்கம், இழுவை அங்கே வெளியே தெரியாது. இன்னொன்று, ஏரியைக் குறுக்கே கடக்கிற ரயில் பாதை. தண்டவாளத்தில் ஏறுவது சட்டப்படி குற்றம், மேலே ஓடுவது 25,000 வோல்ட் கம்பி, கையில் இருப்பது கார்பன் ராட். தண்ணீரில் இறங்கி நிற்பதாக இருந்தால் காலில் புண் இருக்கக் கூடாது. எலிக் காய்ச்சல் அப்படித்தான் வரும். ஏரிக்குப் போய் வந்த சில நாளிலோ சில வாரத்திலோ காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் டாக்டரிடம் "ஏரியில் இறங்கினேன்" என்று சொல்லுங்கள்.

செகப்பா குட்டிங்க கூட்டமா மெதக்குது. அங்க போட்டா தாய் கட்டாயம் அடிக்கும்ங்கிறாங்க. போடலாமா?

அடிக்கும் என்பது உண்மை. போட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இந்தப் பதிலைப் படியுங்கள்.

தோமான் குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் பந்தாகச் சேர்ந்து நகரும். மூச்சுக்காக எல்லாம் சேர்ந்து மேலே வரும்போது தண்ணீர் உலை கொதிக்கிறாற்போல இருக்கும். அதற்குக் கீழே ஒரு மீட்டர், இரண்டு மீட்டரில் தாயும் தகப்பனும் நிற்கின்றன. அவை பசியால் அடிப்பதில்லை. குஞ்சுகளுக்கு நடுவில் எது விழுந்தாலும் விரட்டத்தான் அடிக்கின்றன. எந்த கெவாங்கும் எந்தக் கையும் அங்கே போதும், அதில் திறமை எதுவும் இல்லை.

பெரியவற்றைப் பிடித்துப் படகில் போட்ட சில நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று நின்று பாருங்கள். காவல் இல்லாத கூட்டத்தைச் சுற்றி மற்ற மீன்கள் வந்துவிடும். செம்பந்து சிதறும், மறுபடி கூடும், ஒவ்வொரு முறையும் சின்னதாகக் கூடும். ஒரே மாலையில் ஒரு தலைமுறை போய்விடும். பிடித்து, படம் எடுத்து, விட்டுவிடுகிறேன் என்று சிலர் சொல்கிறார்கள். குஞ்சுகள் அழிய அந்த ஐந்து நிமிடம் போதும். களைத்துப்போன மீன் அதே கூட்டத்தைத் தேடிச் சேரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஹாருவானும் இப்படித்தான், புல்லை விலக்கி வட்டமாக இடம் செய்து, மிதக்கிற முட்டைகளைக் காத்து நிற்கும். புல் நடுவே அப்படிச் சுத்தமான வட்டம் தெரிந்தால் விலகிப் போங்கள். ஏரி பெரியது, வேறு மீன் இருக்கிறது.

பிடிச்சத விட்டாலும் செத்துடுமாமே, அப்புறம் எதுக்கு விடணும்?

சரியாகப் பிடித்து விட்டால் சாகாது. காற்றைக் குடிக்கிற மீன் என்பதால் பலர் இதை வெயிலில் சூடான படகுத் தளத்தில் போட்டுவிட்டு போன் தேடுகிறார்கள், அதில்தான் சாகிறது. தளத்தை நனைத்துவிட்டு வையுங்கள், கையையும் நனைத்துக்கொள்ளுங்கள். தாடையை மட்டும் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடாமல் வயிற்றுக்குக் கீழே இன்னொரு கை கொடுங்கள். முள் நுனிக்குப் பின்னால் எதிர்த் திசையில் நீட்டியிருக்கும் கூரைக் குறட்டால் நசுக்கி வைத்திருந்தால் கழற்ற இரண்டு விநாடி ஆகாது. தோமான் வாய்க்குள் விரல் போகக் கூடாது, நீள மூக்குக் குறடு வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, மக பிள்ள பெத்திருக்கா. ஹாருவான் கொடுத்தா புண்ணு ஆறும்ங்கிறாங்க. உண்மையா?

அக்கா, நம்மவர்களும் மலாய்க்காரர்களும் சீனர்களும் தலைமுறையாக இதை நம்பிக் கொடுக்கிறார்கள். 1990களிலிருந்து மலேசியப் பல்கலைக்கழகங்களில் இதை ஆராய்ந்தும் வருகிறார்கள். புண் ஆற உதவும் அமினோ அமிலங்களும் கொழுப்பு அமிலங்களும் இதில் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். நல்ல புரதம், மெல்லிய சதை, பத்தியச் சாப்பாட்டுக்கு ஏற்றது. ஆனால் இது சாப்பாடு, மருந்துக்குப் பதில் இல்லை. ஆபரேஷன் செய்திருந்தால் டாக்டர் கொடுத்ததையும் நிறுத்தக் கூடாது.

ஒன்று மட்டும் கண்டிப்பு: நன்றாக வேக வேண்டும். விரால் இனத்து மீன்களின் சதையில் மனிதருக்கு வரக்கூடிய ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம். அரைவேக்காடும் புளியில் ஊறவைத்த பச்சை மீனும் ஆகாது. வீட்டுக்கு வேண்டியது என்றால் ஒரு கிலோவுக்கு உட்பட்ட ஹாருவானாகக் கேளுங்கள், சதையும் அதில்தான் நன்றாக இருக்கும். பெரிய தோமான் ஏரியில் இருக்கட்டும்.

கெலிசா மாட்டினா என்ன செய்யறது? நல்ல வெல போகுமே?

விட்டுவிடுங்கள், உடனே, அங்கேயே. கெலிசா என்கிற அரோவானா, அருகிவரும் உயிரினங்களுக்கான உலக வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தில் (CITES) முதல் பட்டியலில் இருக்கிற மீன். உரிமம் பெற்ற பண்ணையில் பிறந்து, அடையாளச் சில்லு வைத்ததைத்தான் விற்கலாம். ஏரியிலிருந்து எடுத்ததை விற்றால் வழக்கு. இந்த ஏரி கெலிசாவுக்குப் பேர்போனது, இயற்கையாக மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். கெலிசா முட்டையையும் குஞ்சையும் தகப்பன் வாய்க்குள்ளேயே வைத்து வளர்க்கும். வாய் தடித்துத் தெரிந்தால் தண்ணீரை விட்டு வெளியே தூக்காமலே முள்ளைக் கழற்றுங்கள்.

கம்பார் லொம்பாங்ல ராஜா நல்லா கடிக்குது. நாலு குட்டி கொண்டாந்து இங்க விட்டா என்ன?

விடாதீர்கள். ராஜா என்று நாம் சொல்வது பீகாக் பாஸ், தென் அமெரிக்க மீன். கம்பார், மாலிம் நாவார், கோப்பெங் பக்கத்துப் பழைய ஈயக் குட்டைகளில் பரவியிருக்கிறது. அங்கே அதைப் பிடிப்பது சந்தோஷமான வேலைதான். ஆனால் அது போன இடத்திலெல்லாம் சின்ன மீன்களைத் தின்று தீர்க்கிறது. இங்கே கெலிசாவும் செபாராவும் உள்ளூர்ச் சின்ன மீன்களும் இருக்கின்றன. ஒருமுறை விட்டால் திரும்ப எடுக்க முடியாது.

கபோம்பாவும் இதே கதைதான். துண்டாக உடைந்த ஒரு தண்டு போதும், வேறு குளத்தில் முளைத்துவிடும். ஏரியை விட்டுக் கிளம்பும் முன் படகின் விசிறியிலும் கெவாங் பெட்டியிலும் காலணியிலும் ஒட்டிய புல்லைக் கரையிலேயே, தண்ணீரிலிருந்து விலகி, உதறிவிடுங்கள்.

ஏரி வத்திப் போச்சு. மீனெல்லாம் குட்டையில அடைஞ்சு கெடக்கு. இப்பதானே பிடிக்க நல்ல நேரம்?

மழை இல்லாத மாதங்களும் வயலுக்குத் தண்ணீர் விடுகிற நாட்களும் சேர்ந்துகொண்டால் கரையெல்லாம் சேறாகிவிடும். மீன் பழைய ஆற்றுத் தடத்திலும் சில பள்ளங்களிலும் நெருக்கியடித்து நிற்கும். அந்தப் பள்ளங்களில் தவளை வீசினால் வீச்சுக்கு ஒன்று கிடைக்கும் நாட்களும் உண்டு. ஆனால் மழைக்குப் பிறகு ஏரி முழுக்கப் பரவப் போகிற மீன் அதுதான். நான் அந்தப் பள்ளங்களில் போடுவதில்லை, கேட்பவர்களையும் போக விடுவதில்லை. சமையலுக்கு ஒன்று வேண்டும் என்றால் ஒன்று எடுங்கள், கூடையோடு போகாதீர்கள்.

இந்த நேரத்தில்தான் பேட்டரியும் கம்பியும் தூக்கிக்கொண்டு மின்சாரம் பாய்ச்ச வருகிறவர்களும், விஷம் கலக்கிறவர்களும் கண்ணில் படுவார்கள். 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்படி இரண்டுமே குற்றம். நேராகப் போய் வாதாட வேண்டாம். வண்டி எண்ணையும் இடத்தையும் குறித்துக்கொண்டு மாவட்ட மீன்வள இலாகாவுக்குச் சொல்லுங்கள்.

நீங்கள் வீசித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த வாரங்களில் தாலி ஆயருக்குப் போங்கள். வயலுக்குத் தண்ணீர் விட்டிருப்பதால் ஏரி காயும்போது அங்கே ஓட்டம் இருக்கும். மதகுக்குக் கீழே தண்ணீர் சுழன்று அமைதியாகிற இடத்தில் ஓரப் புல்லை ஒட்டிச் சின்னத் தவளையைப் போடுங்கள். நூல் 30 பவுண்டு போதும், அங்கே புல் அவ்வளவு கனமில்லை.